மூன்று வெள்ளைக் கவர், ஒன்றிலும் பேரில்லை

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். உடம்பை மெலிய வைப்பதாகச் சொன்ன ஓர் இடத்தில் ஒரு மாத ‘ஸ்லிம்மிங் பேக்கேஜ்’ 14,500 ரூபா. ரசீது தரவில்லை. இருபத்திநாலு நாளில் என் இடுப்பளவு 38 இன்ச்சிலிருந்து 35½ ஆனது, நிறை 74 கிலோவிலிருந்து 69. மருந்தை நிறுத்தின ஐந்தாம் நாள் டேப்பைப் போட்டுப் பார்த்தால் 37½. நடுவில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக் கட்டில். எத்தனை நட்சத்திரம் கொடுக்கலாம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் இலங்கை மலையகத்தில், ஹட்டனில் சாரி ஜாக்கெட் தைக்கிறவள். பத்தொன்பது வருஷமாகிறது. பொம்பளைகளின் உடம்பைப் பற்றி டொக்டர்மாருக்கு அடுத்தபடியாகத் தெரிந்தது எங்களுக்குத்தான். யார் மெலிகிறாள், யார் ஊதுகிறாள், யார் மாசமாக இருப்பதை இன்னும் வீட்டில் சொல்லவில்லை என்பதெல்லாம் டேப்பைச் சுற்றினதுமே தெரிந்துவிடும். அப்படிப்பட்ட நானே போய் ஏமாந்தேன் என்பதுதான் வெட்கம்.

அந்த இடத்தின் பேரை எழுதப் போவதில்லை. எழுதினால் வக்கீல் கடிதம் வரும், என் ஜூக்கி மெஷினை விற்றாலும் அதற்குப் பதில் போட முடியாது. மலையகத்து டவுன் ஒன்றில் மாடிப்படி ஏறிப் போகிற இடம், அவ்வளவு போதும்.

அம்மா முப்பத்தொரு வருஷம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். கூடையோடு மலை ஏறி இறங்கியே உடம்பு குச்சி. அவள் சாப்பிட்ட அதே கோதுமை மா ரொட்டியும் கட்டைச் சம்பலும் சீனி போட்ட தேத்தண்ணியும்தான் நானும் சாப்பிடுகிறேன், ஆனால் காலை எட்டிலிருந்து ராத்திரி எட்டு வரை மெஷின் முன்னால் உட்கார்ந்து. ஐந்தடி ஒரு இன்ச் உயரத்துக்கு 74 கிலோ. முழங்கால் வலி வேறு. 2024 தீபாவளி வேலை முடிந்த கையோடு, தை மாதம் அக்கா மகள் கல்யாணத்துக்குள் குறைத்தே தீருவது என்று முடிவு கட்டினேன்.

முதலில் போனது டவுனில் எனக்குப் பழக்கமான பாமசிக்கு. “தம்பி, மெலியிறதுக்கு நல்ல குளிசை இருந்தா குடுங்க” என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “டொக்டர் துண்டு இருக்காக்கா?” என்றார். மருந்துச் சீட்டு இல்லை என்றேன். “அப்ப இல்லக்கா” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். எனக்குக் கோபம். காசு கொடுத்து வாங்க வந்த ஆளுக்கு இவ்வளவு எடுப்பா என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். அந்த மனுஷனுக்கு இந்தப் பதிவில் ஐந்து நட்சத்திரம். அதை இப்போதே போட்டுவிடுகிறேன், பிறகு மறந்துபோகும்.

மாடிக்கு வருவோம். இடம் சுத்தம், குறை சொல்ல முடியாது. ஏசி ஓடுகிறது, மலைநாட்டுக் குளிருக்கு ஏசி எதற்கு என்று இன்றுவரை விளங்கவில்லை. கவுண்டரில் இருந்த பிள்ளை “மேடம்” என்றது. பத்தொன்பது வருஷமாக “டெய்லர் அக்கா” என்றே கேட்ட காதுக்கு அது இனிக்கத்தான் செய்தது. நிறை பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள். பிரஷர் பார்க்கவில்லை. வேறு வருத்தம் இருக்கிறதா, வேறு மருந்து குடிக்கிறேனா, வீட்டில் யாருக்காவது இருதய நோய் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் உள்ளே இருந்தார். மேசையில் பேர்ப்பலகை இல்லை, பதிவு இலக்கம் இல்லை. நாலு நிமிஷம் பேசினார். வெளியே வரும்போது கையில் மூன்று வெள்ளைக் கடதாசிக் கவர்.

நம் பக்கத்தில் டிஸ்பென்சரிக்குப் போய் வந்த எல்லாருக்கும் அந்தக் கவர் தெரியும். மேலே பேனாவால் காலை ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பாட்டுக்கு முன், பின் என்று கிறுக்கியிருக்கும். மருந்தின் பேர் இருக்காது. காய்ச்சலுக்கும் தடிமலுக்கும் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் வாங்கிக் குடித்துப் பழகியிருக்கிறோம், அதனால் எனக்கு அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. ஒரு கவரில் மஞ்சள்–வெள்ளைக் கெப்சூல், ஒன்றில் சின்ன வெள்ளைக் குளிசை, மூன்றாவதில் அதைவிடச் சின்னது. “இது என்ன மருந்துங்க?” என்று கேட்காமலும் இல்லை. “ஃபேட் பேர்னர் மேடம், எல்லாம் ஹேர்பல்தான்” என்றது அந்தப் பிள்ளை.

ஒரு ஒப்பீட்டுக்குச் சொல்கிறேன்: அந்த வருஷம்தான் தோட்டத்து அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்றானது. மலையில் பதினொரு நாள் நின்றால் கிடைக்கிற காசை நான் மூன்று கவருக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

முதல் வாரம் எனக்கு இறக்கை முளைத்தது போல இருந்தது. பசியே இல்லை. காலையில் அரை ரொட்டி, பிறகு பின்னேரம் வரை வயிறு ஒன்றும் கேட்காது. அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டியிருந்தது, அதுவும் நல்லதுக்குத்தான், கொழுப்பெல்லாம் கரைந்து போகிறது என்று நினைத்தேன். டேப் தினமும் இறங்கியது. கடைக்கு வருகிறவர்களிடம் பெருமை அடித்துக்கொண்டேன். இரண்டு பேரை அந்த இடத்துக்கு அனுப்பியும் வைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

இரண்டாம் வாரம் வாய் வறண்டது. மலச்சிக்கல். கெண்டைக்காலில் குறண்டல், ராத்திரியில் எழுந்து காலை உதறிக்கொண்டு நிற்பேன். அப்புறம் கை நடுங்க ஆரம்பித்தது. ஊசியில் நூல் கோர்க்க என்னால் முடியவில்லை. கடையில் உதவிக்கு இருக்கும் பிள்ளையைக் கூப்பிட்டு, “கண்ணு மங்குது, நீ கோர்த்துக் குடு” என்று பொய் சொன்னேன். ராத்திரித் தூக்கம் சுத்தமாகப் போய்விட்டது. படுத்தால் நெஞ்சுக்குள் ஓவர்லாக் மெஷின் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம்.

அந்த நாட்களில் என்னிடம் ஒரு கல்யாணப் பொண்ணின் கூறை ஜாக்கெட் இருந்தது. தை மாதக் கல்யாணம், ஐப்பசியில் அளவு கொடுத்தவள். ராத்திரி இரண்டு மணிக்கு வட்ஸ்அப்பில் கேட்பாள்: “டெய்லர் அக்கா, கை டிசைனை மாத்தலாமா?” நான் அடுத்த நிமிஷமே பதில் போடுவேன். “மாத்தலாம்மா.” மூன்று மணிக்கு இன்னொன்று: “பின்னுக்கு முடிச்சு வேணாம்க்கா, ஹூக் போடுங்க.” அதற்கும் உடனே பதில். கல்யாணக் கவலையில் பிள்ளைக்குத் தூக்கமில்லை என்று நான் நினைத்தேன். வேலை நெருக்கடியில் அக்காவுக்குத் தூக்கமில்லை என்று அவள் நினைத்திருப்பாள். இரண்டு பேருக்கும் காரணம் ஒன்றே என்பது பிறகுதான் தெரிந்தது. அவள் குடித்தது பேஸ்புக்கில் பார்த்து, பார்சலில் வந்த கெப்சூல். டப்பாவில் பச்சை இலைப் படம், 6,900 ரூபா, வீட்டு வாசலில் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

இருபத்திநாலாம் நாள் கடையைப் பூட்டிவிட்டு தோட்டத்து லயத்து வீட்டுக்கு ஏறுகிற படிகளில் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சு படபடவென்று அடித்தது, கால் துணி மாதிரி துவண்டது. அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுத் தம்பி ஓடி வந்து 1990க்கு அடித்தான். அந்த அம்புலன்ஸ் இலவசம் என்பதைக்கூட அன்றுதான் தெரிந்துகொண்டேன். நேராக டிக்கோயா ஆஸ்பத்திரி. நாடித்துடிப்பு 128, பிரஷர் 160க்கு 100. எனக்கு அதுவரை பிரஷர் என்று ஒன்று இருந்ததே இல்லை.

வார்டில் இருந்தது ஒரு இளம் சிங்கள டொக்டர், நன்றாகவே தமிழ் பேசினார், மருந்துக்கு மட்டும் சிங்களத்தில் ‘பெஹெத்’ என்றார். “அம்மா, என்ன பெஹெத் குடிச்சது? பேர் சொல்லுங்க.” நான் ஹேண்ட்பேக்கிலிருந்து மூன்று கவரையும் எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பேர் எங்க?” நர்ஸ் மிஸ்ஸி வாங்கிப் பார்த்தார். அவருக்கும் பேர் கிடைக்கவில்லை. எந்த மருந்தென்று தெரிந்தால் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது என்று தெரியும், இது கண்ணைக் கட்டி வைத்தியம் பார்க்கிற மாதிரி என்று அந்த டொக்டர் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால்கூடப் பரவாயில்லை போலிருந்தது.

பேரைக் கவர் சொல்லவில்லை, இரத்தம்தான் கொஞ்சம் சொன்னது. பொட்டாசியம் 2.9. குறைந்தது 3.5 இருக்க வேண்டுமாம். உடம்பில் இருக்கிற தண்ணீரைச் சிறுநீராக இறக்கும் மருந்து போயிருந்தால் இப்படி இறங்கும், குறண்டலும் அதனால்தான், இன்னும் கீழே போனால் இருதயத் துடிப்பே தாறுமாறாகும் என்றார்கள். தைரொயிட் டெஸ்டை வெளி லேப்பில் எடுத்தோம். தைரொயிட் ஹோர்மோன் குளிசை குடித்தவர்களுக்கு வருகிற மாதிரி ரிப்போர்ட். எனக்குத் தைரொயிட் வருத்தம் கிடையாது. நிறுத்தி ஆறு வாரம் கழித்து மறுபடி பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. அந்த ஹோர்மோன் குளிசை தைரொயிட் சுரப்பி சரியாக வேலை செய்யாதவர்களுக்கு உயிர் காக்கிற மருந்து. நல்ல உடம்புக்காரர் மெலிவதற்குக் குடித்தால் கொழுப்போடு தசையும் கரையும், இருதயம் ஓடும், எலும்பு தேயும். அமெரிக்காவில் அந்த மருந்தின் தாளிலேயே, உடல் மெலிவதற்கு இதைப் பாவிக்கக்கூடாது என்று கட்டம் கட்டி எச்சரித்திருக்கிறார்களாம்.

ஆக நான் பெருமை அடித்த இரண்டரை இன்ச்சில் பெரும்பங்கு தண்ணீர். அதனால்தான் ஐந்து நாளில் இரண்டு இன்ச் திரும்பி வந்து உட்கார்ந்தது.

கெப்சூலில் என்ன இருந்தது என்பது கடைசி வரை தெரியவில்லை. பசியின்மை, வாய் வறட்சி, தூக்கமின்மை, பிரஷர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டு டொக்டர் ஒரு பேரைச் சொன்னார், நிச்சயமில்லை என்று சொல்லியே சொன்னார்: சிபுட்ராமின். அந்தப் பேரை ஒரு துண்டில் எழுதி வாங்கிக்கொண்டு வந்து பாமசித் தம்பியிடம் காட்டினேன். இந்த முறை அவர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போகவில்லை.

அவர் சொன்னது இதுதான். சிபுட்ராமின் ஒரு காலத்தில் டொக்டர்மார் துண்டு எழுதிக் கொடுத்த மருந்து, ரிடக்டில், மெரிடியா என்ற பேர்களில் விற்றது. இருதய நோய் அபாயம் உள்ள கிட்டத்தட்ட பத்தாயிரம் பேரை வைத்துப் பெரிய ஆய்வு ஒன்று நடத்தினார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுத்த, மருந்தே இல்லாத வெறும் மாவுக் குளிசை குடித்தவர்களில் 10 சதவீதம் பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வந்தன. சிபுட்ராமின் குடித்தவர்களில் அது 11.4 சதவீதம். அதிகப்படியாக மெலிந்ததோ சில கிலோதான். 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தின பிறகும் ‘இயற்கை’, ‘மூலிகை’ என்ற டப்பாக்களுக்குள் அதையே போட்டு விற்பது பல நாடுகளில் பிடிபட்டுக்கொண்டே இருக்கிறது. பினோல்ஃப்தலீன் என்ற பழைய பேதி மருந்தும் அதே டப்பாக்களில் அகப்படுகிறதாம். புற்றுநோய்ச் சந்தேகத்தால் கைவிடப்பட்ட மருந்து அது.

“மெலியிற மருந்துக் கதையே இப்படித்தான்க்கா” என்று விரல் விட்டு எண்ணினார். ஃபென்ஃப்ளூரமின், இருதய வால்வைக் கெடுத்தது, 1997இல் நிறுத்தினார்கள். ரிமோனபன்ட், மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வந்ததென்று 2008இல் ஐரோப்பாவில் நிறுத்தினார்கள். லோர்காசெரின், புற்றுநோய் கூடுகிறதென்று 2020இல். பிரான்சில் மெடியாட்டோர் என்றொரு குளிசை, நீரிழிவுக்காரருக்கென்று வந்தது, மெலிவதற்கென்று எழுதிக் கொடுத்தார்கள், வால்வு கெட்டுப் பலர் செத்த பிறகு 2009இல்தான் நிறுத்தினார்கள். 2021இல் பாரிஸ் நீதிமன்றம் அந்தக் கம்பனியைக் குற்றவாளி என்றது. இதெல்லாம் பேரும் கம்பனியும் டொக்டர் துண்டும் இருந்த மருந்துகள். பேர் இருந்ததால்தான் எது யாரைக் கெடுத்தது என்று கண்டுபிடித்து வழக்குப் போடவாவது முடிந்தது. என்னுடைய மஞ்சள் கெப்சூல் மேல் யார் வழக்குப் போடுவது?

சட்டத்தைப் பற்றியும் அவர் சொன்னது, பிறகு நான் அலைந்து தெரிந்துகொண்டது. இலங்கையில் மருந்து விற்க, தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் அந்த மருந்து பதிவாகியிருக்க வேண்டும், 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம். பாமசிக்கு லைசன்ஸ் வேண்டும். மருந்தை விளம்பரம் செய்யவும் அனுமதி வேண்டும். ‘இது மருந்தில்லை, சத்துணவு’ என்று நழுவப் பார்க்கிற இரண்டும்கெட்டான் பொருட்களையும் அதே சட்டம் பிடிக்கிறது. ஆயுர்வேதம் என்றால் ஆயுர்வேதத் திணைக்களம் இருக்கிறது, அதற்கு 1961ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் உண்டு. டொக்டர் என்று சொல்கிறவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா என்பதை அதன் இணையத்தளத்திலேயே தேடலாம். இந்தச் சங்கதிகளில் ஒன்றுகூட எனக்கு முன்னால் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த ஏசிக் குளிரில், “மேடம்” என்று கூப்பிட்ட மயக்கத்தில், வெள்ளைக் கோட்டுக்காரரிடம் “உங்கள் பதிவு இலக்கம் என்ன?” என்று கேட்டிருப்பேனா? கேட்டிருக்க மாட்டேன். பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது.

காசைத் திருப்பிக் கேட்டு மாடி ஏறினேன். “உங்க உடம்புக்கு ஒத்துக்கல மேடம், எல்லாருக்கும் ஒத்துக்குது” என்றார்கள். வெள்ளைக் கோட்டு அன்று லீவாம். ரசீது இருக்கிறதா என்று கேட்டார்கள், ரசீது கொடுக்காதவர்களே ரசீது கேட்கிற அழகை அங்கேதான் பார்த்தேன். மாவட்டச் சுகாதாரப் பணிமனையில் உணவு, மருந்துப் பரிசோதகர் என்று ஒரு உத்தியோகத்தர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டதால் எழுத்தில் முறைப்பாடு கொடுத்தேன், மிச்சமிருந்த குளிசைகளையும் கவரோடு ஒப்படைத்தேன். நீங்கள் செய்வதாக இருந்தால் ஒரு யோசனை: குளிசையைக் குப்பையில் போடாதீர்கள், கவரையும் கிழிக்காதீர்கள். காசு கொடுத்ததற்குச் சாட்சியாக அவர்கள் அனுப்பின மெசேஜையும் அழிக்காதீர்கள். கடை சம்பந்தப்பட்ட முறைப்பாட்டுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கமும் இருக்கிறது. நான் அனுப்பி வைத்த அந்த இரண்டு பேரையும் தேடிப் போய்ச் சொன்னேன். ஒருத்தி நிறுத்திவிட்டாள். மற்றவள் என் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

சரி, மெலியவே கூடாதா என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரியிலேயே முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு கிளினிக் நடக்கிறது, நிறை, உயரம், பிரஷர், சுகர் எல்லாம் பார்க்கிறார்கள், ஒரு சதமும் வாங்குவதில்லை. மாடி இடத்தோடு ஒப்பிட்டால் கதிரை பழசு, காத்திருப்பு நீளம், யாரும் மேடம் என்று கூப்பிடமாட்டார்கள். ஆனால் என் இடுப்பை அளந்தார்கள். நம் தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர்தான் எல்லையாம், நம் டேப்பில் 31½ இன்ச். பத்தொன்பது வருஷமாக ஊர் இடுப்பையெல்லாம் அளந்த எனக்கு இது தெரியாது.

மருந்து உண்டா என்று அங்கேயும் கேட்டேன், ஆசை விடுகிறதா? ஓர்லிஸ்டாட் என்று ஒன்று இருக்கிறது, சாப்பாட்டிலுள்ள கொழுப்பில் கால்வாசிக்கு மேல் உடம்பில் சேராமல் வெளியே தள்ளும், தேவைப்பட்டால் டொக்டர் எழுதுவார் என்றார்கள். அந்தக் கொழுப்பு எந்த வழியாக, எப்படி வெளியே வரும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். கல்யாண வீட்டில் வெள்ளைச் சாரி கட்டுகிறவர்கள் யோசித்துக்கொள்ளவும். இப்போது எல்லாரும் பேசுகிற ஊசியைப் பற்றியும் கேட்டேன். செமக்ளூடைட், முதலில் நீரிழிவுக்கு வந்து பிறகு மெலிவதற்கும் அனுமதி கிடைத்த மருந்து. டொக்டர் கண்காணிப்பில் வேலை செய்யும், ஆனால் அதிலும் போலி வந்துவிட்டது, 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கை விட்டிருக்கிறது. எனக்கு இரண்டும் வேண்டாம் என்றார்கள். அதற்குப் பதிலாக ஒரு கேள்வி கேட்டார்கள்: ஒரு நாளைக்கு எத்தனை தேத்தண்ணி, எத்தனை கரண்டி சீனி?

ஏழு தேத்தண்ணி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி. கரண்டிக்கு 5 கிராம் என்று கணக்குப் போட்டால் 70 கிராம் சீனி வருகிறது, 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறார்கள். மெஷின் பக்கத்திலேயே பிளாஸ்க் வைத்திருந்தால் இதுதான் நடக்கும். இப்போது பிளாஸ்க் இல்லை, தேத்தண்ணி வேண்டுமென்றால் எழுந்து நாலு கடை தள்ளி நடக்க வேண்டும். சீனியை விட்டு வாயில் ஒரு துண்டு கருப்பட்டி கடிக்கிறேன், அதுவும் சீனிதான் என்று மிஸ்ஸி திட்டினார். ஆறு மாதத்தில் மூன்றரை கிலோ குறைந்திருக்கிறது. டேப்பில் ஒன்றே கால் இன்ச். மாடி இடத்தின் வேகம் இல்லை.

அந்தக் கல்யாணப் பொண்ணிடம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே கேட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு மெசேஜ் வந்தது, நான் பதில் போடாமல் நேராகப் போன் எடுத்தேன். “நீ ஏதாவது குளிசை குடிக்கிறியா புள்ள?” கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “உங்களுக்கு எப்பிடிக்கா தெரியும்?” என்றாள். டப்பாவை எடுத்துக்கொண்டு காலையிலேயே டொக்டரிடம் போகச் சொன்னேன், போனாள். அவளுடைய பிரஷரும் ஏறியிருந்தது. இருபத்தொரு வயது.

நெஞ்சளவு 36 கொடுத்தவள் கார்த்திகையில் 33½ ஆகியிருந்தாள், பிடித்துத் தைக்கச் சொன்னாள், பிடித்தேன். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் போட்டுப் பார்த்தபோது ஹூக் மாட்டவில்லை. உள்ளே துணியை வெட்டாமல் விட்டிருந்தேன், பிரித்து விட்டதும் சரியாக உட்கார்ந்தது. அதற்குக் காசு வாங்கவில்லை. இப்போது அவள் நுவரெலியாவில் இருக்கிறாள், ஒரு சாரிக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருக்கிறாள். மெசேஜெல்லாம் காலை ஏழு மணிக்கு மேல்தான் வருகிறது.